குளத்தை ஒரு சுற்று

நான் நிற்கவில்லை. அப்பா ஓப்பன் ஜிம்முக்குப் பக்கத்தில், சிமெண்ட் பெஞ்சை ஒட்டினாற்போலக் கீழே கிடந்தார், பார்த்தேன், நிற்காமல் போய்விட்டேன். யாரோ என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது, நீலக் கட்டம் போட்ட சட்டை, தீபாவளிக்கு நானும் அம்மாவும் கடை கடையாக ஏறி எடுத்தது. சுற்றி நடைச் சங்கத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். ஜெயபாலன் சார், அவர்தான் சங்கத் தலைவர், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி, "பூரணி, நீ அப்படி ஓரமாப் போயிரு கண்ணு, இங்க ஒருத்தன் குடிச்சுப்போட்டு விழுந்து கெடக்கறான்" என்றார். "சரிங்க சார்" என்றேன். ஓரமாகப் போனேன். "ஆளு யாருன்னு தெரியுதுங்களா?" என்று ஒருத்தர் கேட்டதும், "இவனுகளுக்குப் பேரு ஒரு கேடா" என்று சார் சொன்னதும், யாரோ சிரித்ததும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. என் ஒரு கையில் சாக்கு, இன்னொரு கையில் இடுக்கி. கொஞ்சம் தள்ளி ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தது, குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. அப்பாவைத் தாண்டி வந்து ஷாம்பு பாக்கெட்டை எடுத்திருக்கிறேன். சரி, ஒரு சுற்று. நல்லாங்குளத்தை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் இவர்கள் நடையை முடித்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள், தினமும் அப்படித்தான், அப்புறம் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், போய் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஒரு சுற்றுதானே. அதற்குள் அவர் எங்கே போய்விடப் போகிறார். இப்படி நினைத்ததும் வேறு மாதிரி நினைத்திருக்கலாம் என்று இருந்தது, ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

எங்களுக்குக் குளத்தின் மேல் அக்கறையெல்லாம் இருந்ததில்லை. இந்தப் பக்கம் குடி வந்த நாளிலிருந்து இதைக் கொசு வருகிற இடம் என்றுதான் தெரியும். அப்பா மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை. பகலில் அவரைப் பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, செம்புக் கம்பியைச் சுற்றும்போது விரல் என்னவோ பூத்தொடுப்பது மாதிரி ஓடும். வேலை விட்டதும் பைபாஸ் ரோட்டுக் கடைக்குப் போவார். அங்கிருந்து வீடு வருவதற்குள் எங்காவது விழுந்துவிடுவார். ஒரு தடவை ரோட்டிலேயே விழுந்து, லாரிக்காரன் பிரேக் போட்டு இறங்கி வந்து, வீடு விசாரித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு அம்மாவைத் திட்டிவிட்டுப் போனான். அம்மா அன்றைக்கு அழவில்லை. காலையில் அப்பாவுக்குக் காபி கொடுத்துக்கொண்டே, "குடிக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சுங்க. விழறதுன்னா கொளத்து மேட்டுப் பக்கம் போய் விழுங்க. அங்க வண்டி வராது" என்றாள். அம்மா சொல்லி அப்பா கேட்ட ஒரே பேச்சு அதுதான். அன்றிலிருந்து குளத்து மேட்டில்தான் விழுகிறார். விடியும் முன்னால் நானும் அம்மாவும் தேடிக்கொண்டு வருவோம். முதல் நாள் அம்மா கையில் ஒரு சாக்கு இருந்தது, தரை ஈரமாக இருந்தால் அவருக்கு அடியில் விரிக்க. கேட்டில் ஜெயபாலன் சார் நின்றிருந்தார். சாக்கைப் பார்த்து, "குப்பை எடுக்க வந்தீங்களாம்மா?" என்றார். அம்மா "ஆமாங்க" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அவர் முகம் அப்படி மலர்ந்துபோனது. இத்தனை வருசமாகக் கூப்பிட்டும் இந்தத் தெருவிலிருந்து ஒருத்தரும் வந்ததில்லை, நீங்களாகவே வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிக் கையுறை கொடுத்தார், இடுக்கி கொடுத்தார், 'என் குளம் என் கடமை' என்று எழுதின பனியன் கொடுத்தார். அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், என்ன செய்ய, பொறுக்கினோம். மறுநாளும் பார்த்தார். மறுநாளும் பொறுக்கினோம்.

இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழாவில் எனக்கும் அம்மாவுக்கும் சால்வை போடப் போகிறார்கள். நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் சாரே கொடுத்துவிட்டார், 'நடையும் இயற்கையும் தினசரிப் பழக்கமாவது எப்படி'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்க வருவார்கள், நீ இந்த வயசுப் பிள்ளை, நீ சொன்னால்தான் அவர்களுக்கு ஏறும் என்றார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் என்று சொன்னேன். "அதனால என்ன கண்ணு, இயற்கைதான் பெரிய பள்ளிக்கூடம்" என்றார். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். இயற்கை எனக்கு டி.சி. கொடுக்கவில்லை, அதுதான் வித்தியாசம். பதினொன்றாவது படிக்கும்போது முதல் பீரியடிலேயே தூங்கி விழுவேன், விடியும் முன்னால் எழுந்து குளத்தைச் சுற்றுகிறவள் வேறென்ன செய்வாள். தாவரவியல் மிஸ் எழுப்பி நிறுத்தி, "ராத்திரியெல்லாம் வீட்ல என்ன பண்றே?" என்றார். கிளாஸே சிரித்தது. "படிக்கப் பிடிக்கல மிஸ்" என்றேன். அதோடு பள்ளிக்கூடம் போகவில்லை. பிடித்துத்தான் இருந்தது, அது வேறு. இப்போது பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போடுகிறேன். நான் மெசினில் வைத்து ஒட்டின கவரை இதே குளத்தோரம் நானே இடுக்கியால் எடுத்திருக்கிறேன். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சொல்ல முடியுமா. பழக்கம் எப்படி வரும் என்றால், முதலில் வீட்டில் ஒருத்தர் தொலைய வேண்டும். தினமும் தொலைய வேண்டும். அப்புறம் தானாக வந்துவிடும் பழக்கம், பல் விளக்கக்கூடத் தோன்றாது, கால் செருப்பைத் தேடும். இப்படிப் பேசினால் சால்வையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

மல்லாந்து கிடந்தார். இதைத்தான் நான் நினைக்காமல் வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டு வருகிறேன். மல்லாந்து கிடந்தார், வாய் திறந்திருந்தது. அம்மா எப்போதும் முதலில் செய்கிற வேலை விரலை மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பது. இரண்டாவது வேலை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. மல்லாந்து படுத்தால் வாந்தி வந்து மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும், அப்படியே போனவர்கள் இருக்கிறார்கள் என்று மஞ்சள் காமாலை வந்து அப்பாவைச் சேர்த்திருந்தபோது டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஈரல் ரொம்பக் கெட்டுவிட்டது, இனிமேல் தொட்டால் என் பொறுப்பில்லை என்றும் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "டாக்டரம்மா நல்ல மாதிரி" என்றார். நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்கவில்லை. வயிறு ஏறி இறங்கியதா? சட்டை, நீலக் கட்டம், கீழே இரண்டு பொத்தான் கழன்றிருந்தது, தொப்புள் தெரிந்தது, அது ஏறியதா, இறங்கியதா. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன், அசைகிற மாதிரி இருக்கிறது, ஆனால் நான் நினைத்தால் அசைகிறது, நினைக்காவிட்டால் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் நான் அதைப் பார்க்கவே இல்லை. சட்டையைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்காமல் சட்டையைப் பார்த்திருக்கிறேன். ஈ உட்கார்ந்திருந்ததா? இல்லை. இருந்தால் தெரிந்திருக்கும். உயிரோடு இருக்கிற ஆள் மேலும் ஈ உட்காரும், பேக்கரியில் என் மேலேயே உட்காரும். ஈயை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திரும்பிப் போ. இப்போது திரும்பினால் கொஞ்ச தூரம்தான். திரும்பினால் அவர்கள் நிற்பார்கள். "என்ன கண்ணு திரும்பிட்டே?" என்பார்கள். என்ன சொல்வாய். கால் போய்க்கொண்டே இருக்கிறது. கை தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றைக் குனிந்து எடுக்கிறது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

மேற்குக் கரை வந்துவிட்டது. இங்கேதான் அவர் எப்போதும் கிடப்பார், சீமைக்கருவேலத்துக்கு நடுவில், சுடுகாட்டு வேலிப் பக்கம், நடக்க வருகிறவர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில். ஏன் இன்றைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். இங்கேயே விழுந்திருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. இங்கே என்றால் அம்மா முகத்தைக் கழுவிவிடுவாள், நான் சாக்கோடு முன்னால் போய் யாரும் வருகிறார்களா என்று பார்ப்பேன், யாராவது வந்தால் இருமுவேன். உடனே அம்மா அவரைக் கொஞ்ச தூரம் முன்னால் தனியாக நடக்கவிட்டு, பின்னாலிருந்து சன்னமாகச் சொல்வாள், "கையை வீசுங்க. வாக்கிங் வந்தவராட்டம் வீசுங்க." அப்பா வீசுவார். போதை தெளியாமல் போலீஸ் பரேடு மாதிரி வீசுவார். ஒரு நாள் எதிரே வந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்து, "இப்படித்தான் நடக்கோணும், இதுதான் நடை" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சிரித்தோம். அப்பாதான் அதிகம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. சிரித்து முடித்துவிட்டு, "இன்னிக்கோட சரி கலாமணி" என்றார். அம்மா அவர் தலையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்தாள். நான்தான், "எத்தனை தடவைங்கப்பா இதையே சொல்லுவீங்க?" என்றேன். எனக்கு வாய் அப்படி, நினைத்தது வந்துவிடும். அப்பா அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வேறு.

தண்ணீரில் முக்குளிப்பான் ஒன்று மிதக்கிறது, சின்ன நீர்ப்பறவை. பெயர் எல்லாம் சங்கத்து ஆட்கள் வைத்த போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. சும்மா சொல்லக்கூடாது, பொய்யாக ஆரம்பித்ததில் சிலது எனக்கு நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. கடைக்குத் துணிப்பை இல்லாமல் போவதில்லை. மாவு வாங்கப் பிளாஸ்டிக் கவர் வேண்டாமென்று தூக்குப்போசி கொண்டுபோகிறேன். மாவுக்காரர், "என்னம்மா, கலெக்டர் ஆர்டரா?" என்று கேலி பேசினார், இப்போது மற்றவர்களிடமும் போசி கொண்டுவா என்கிறார். பேக்கரிக்குப் பஸ்ஸில் போவதை விட்டுவிட்டு நடந்தே போகிறேன். நடக்கும்போது எனக்கு மூச்சு ஒரு சீராக வருகிறது, வேறு எப்போதும் அப்படி வருவதில்லை. குளத்துக் காற்றில் விடியற்காலை ஒரு மணம் இருக்கும், பாசியும் ஈர மண்ணும் கொஞ்சம் அழுகலும், அது இல்லாத நாளில் சோறு இறங்காது. அப்பா குடிப்பதை நிறுத்திவிட்டால் நான் இங்கே வர மாட்டேனா என்று ஒரு நாள் யோசித்தேன். வர வேண்டும் போல இருந்தது. அப்படித் தோன்றினதற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. முக்குளிப்பான் மூழ்கிவிட்டது. மூழ்கினால் எங்கே எழும் என்று சொல்ல முடியாது, நாம் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு எங்கோ போய் எழும். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அது வருகிறவரை பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பேன், எப்போதும் நான்தான் தோற்பேன். இன்றைக்கு நிற்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். இன்னும் எழவில்லை. எழு. ஒரு மனுசன் எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருந்தால் திரும்பி வர மாட்டான் என்று பாடத்தில் வந்தது, ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ, விடையை எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன், இப்போது சுத்தமாக ஞாபகம் வரவில்லை.

மதகுக்கு வந்தபோது போன் அடித்தது. அம்மா. முகூர்த்த நாள், சமையல்காரரோடு கல்யாண மண்டபத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள், அதனால்தான் இன்றைக்கு நான் மட்டும். பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் நாதஸ்வரமும் கேட்டது. "கெடைச்சாரா?" என்றாள். "ம்" என்றேன். "எங்க கெடந்தாரு?" "எப்பவும் போலத்தான்." "வெரல் வெச்சுப் பாத்தியா?" நான் குளத்தைப் பார்த்தேன். "பாத்தேன்." "ஒருக்களிச்சுப் படுக்க வெச்சியா புள்ள?" "வெச்சேன்மா, வெச்சேன், எத்தனை கேப்பே?" "ஏண்டி எரிஞ்சு விழறே, கேக்கத்தானே செய்யறேன். வீட்டுக்குப் போனதும் மோர் கரைச்சுக் குடு. சட்டினி அரைச்சு வெச்சிருக்கறேன். இங்க வெங்காயம் உரிக்கவே ஆள் பத்தல, வெக்கறேன்." வைத்துவிட்டாள். அவள் இனி நிம்மதியாக வெங்காயம் உரிப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மதகு என்பது சரியாகப் பாதி. இங்கிருந்து திரும்பிப் போனாலும் முன்னால் போனாலும் ஒரே தூரம். இதுவரை திரும்பியிருக்கலாம், ஒவ்வொரு அடியிலும் திரும்பியிருக்கலாம், இனிமேல் முன்னால் போவதுதான் கிட்டம். இப்போது நான் அவரை விட்டுப் போகவில்லை, அவரிடம் போகிறேன். இதே கால், இதே பாதை, இதே திசை. இப்படி ஒரு கணக்குப் போட்டு மனசை ஏமாற்றப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தாலும் கொஞ்சம் உதவுகிறது. வேகமாக நடக்க ஆரம்பித்தேன். சாக்கு காலில் அடித்தது. ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் என்ன. ஏன் ஓடவில்லை. ஓடலாம், இங்கே தினமும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், சாக்கோடு யாரும் ஓடுவதில்லை, அவ்வளவுதான்.

ஓடியிருப்பேன். அமுதவல்லி மேடம் எதிரே வந்துவிட்டார். சங்கத்தில் செயலாளர், பிசியோதெரபி டாக்டர், எப்போதும் கையில் சின்ன டம்பிள்ஸ் வைத்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே நடப்பார். என்னைப் பார்த்ததும் திரும்பி என்னோடு கூட நடக்க ஆரம்பித்துவிட்டார். "எங்க இன்னிக்கு அம்மாவைக் காணோம்?" "வேலைக்குப் போய்ட்டாங்க மேடம்." "நீ மட்டும் விடாம வந்துட்டே பாரு. அதான் பூரணி. எம்பையன் ஒன்பது மணி வரைக்கும் போர்வைக்குள்ள கெடக்கறான், உன்னைக் காட்டித்தான் திட்டறேன்." அவருக்கு மூச்சு வாங்கியது, அதனால் நடை மெதுவானது. நான் முன்னால் போனால் பேச்சு அறுந்துவிடும், மரியாதை இல்லை. மரியாதை. அப்பா அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறார், நான் இங்கே ஒரு டாக்டரம்மாவின் டம்பிள்ஸுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு நடக்கிறேன். "நெசமாக் கேக்கறேன், ஒரு நாள்கூட விடாம இந்தப் பழக்கம் உனக்கு எப்படி வந்துது? எது உன்னை எழுப்பி விடுது?" என்றார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. எங்க அப்பா மேடம், அவர்தான் எழுப்பிவிடுகிறார். "தெரியல மேடம், வராட்டி ஒரு மாதிரி இருக்குது" என்றேன். "அதான். அதையே மேடையில சொல்லு, அழகா இருக்கும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அங்க ஜிம்முக்கிட்ட ஒருத்தன் கெடக்கறான், பாத்தியா? ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருக்கறாங்க. இதுகளைக் கட்டிக்கிட்டவ எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ. குப்பையையாவது எடுத்துப் போட்டுரலாம்" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை, பாவப்பட்டுத்தான் சொன்னார். "உசுரு இருக்குதுங்களா மேடம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாரோ கேட்கிற மாதிரி கேட்டது. "யாருக்கு?" "அந்த ஆளுக்கு." மேடம் டம்பிள்ஸை ஆட்டுவதை நிறுத்தினார். "அட, நான் கிட்டப் போகலயே" என்றார். நான் சாக்கைக் கீழே போட்டேன். இடுக்கியையும் போட்டேன். ஓடினேன். ஒருத்தரும் கிட்டப் போயிருக்க மாட்டார்கள், டாக்டரே கிட்டப் போகவில்லை, அவ்வளவு பேர் சுற்றி நின்று எல்லாரும் தூர நின்றிருப்பார்கள், அவருக்குக் கிட்டப் போகிற ஆள் இந்தக் குளத்தில் நான் ஒருத்திதான், நான் கவுன் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க என் நெற்றியில் கை வைத்தே உட்கார்ந்திருப்பார், கையில் வார்னிஷ் வாசனை அடிக்கும், நான் கையைத் தள்ளிவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி வைப்பார். மூச்சு முட்டியது. ஈ, வாய், பொத்தான், தொப்புள். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சியா புள்ள. வெச்சேன்மா.

பெஞ்சு மேல் உட்கார்ந்திருந்தார். யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், தலையும் சட்டையும் நனைந்து சொட்டியது. உட்கார்ந்திருந்தார், கண்ணைத் திறந்துகொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு. நெஞ்சு ஏறி இறங்குவது அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. ஜிம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் காபிக்குப் போகவே இல்லை. போலீஸ் வருகிற வரை இருக்கலாம் என்று நின்றிருக்கிறார்கள். ஜெயபாலன் சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எந்த ஊருய்யா நீ?" என்றார். அப்பா, "பல்லடம் பக்கமுங்க" என்றார். "இங்க யாரு இருக்கறாங்க உனக்கு?" "யாரும் இல்லீங்க. பஸ்ஸுக்கு வந்தவன், வழி தப்பிப்போச்சுங்க." அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எங்கள் வீடு இந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரியும், மாடியில் காய்கிற அம்மாவின் சேலை தெரியும். நான் கம்பியை விட்டுவிட்டு முன்னால் போனேன். "சார், அது எங்க அப்பா" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அமுதவல்லி மேடமும் நின்றுவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். அப்புறம் சாரைப் பார்த்து, "பாப்பா எரக்கப்பட்டுச் சொல்லுதுங்க. புடிச்சுக் குடுத்துருவீங்கன்னு பயந்துருச்சாட்ட இருக்குது" என்றார். "அப்பா" என்றேன். "எனக்குப் புள்ளையே இல்லீங்க" என்றார். "இதுக்கு அப்பனா இருந்தா அப்பவே நின்னிருக்காதுங்களா? நேராப் பாத்துப்போட்டு, ஒரு சுத்து போயிட்டு வருதுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இல்லை, மற்றதும் இல்லை, நான் பார்த்திராத ஒன்று. அப்படியென்றால் அவர் தூங்கவில்லை. நான் வந்ததும் தெரியும், சரிங்க சார் என்றதும் தெரியும், ஷாம்பு பாக்கெட்டை எடுத்ததும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, நான் தாண்டிப் போகிறவரை அசையாமல் கிடந்திருக்கிறார்.

"நெசமாத்தானுங்க சார்" என்றேன். "எங்க அப்பாதான், பேரு திருமூர்த்தி, பட்டறையில காயில் கட்டறாரு, வேணும்னா கேட்டுப் பாருங்க, எங்கம்மாவைக் கேளுங்க, நாங்க இவரைத் தேடித்தான் சார் தெனமும் வர்றோம், குப்பைக்கெல்லாம் வரல." சார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் முதலில் ஏதோ ஒன்று சுருங்கியது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது, எதை நம்பினால் நல்லதோ அதை நம்ப முடிவெடுத்துவிட்டது தெரிந்தது. என் தலையில் கை வைத்தார். "குப்பையத்தான் எடுக்கறேன்னு பாத்தா நீ மனுசனையும் எடுக்கப் பாக்கறியே கண்ணு" என்றார். "ஞாயித்துக்கெழமை இதையும் சொல்லணும் நீ. கண்டிப்பாச் சொல்லணும்." மேடம் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "ஸ்டேஷனெல்லாம் வேண்டாமுங்க, நான் கெளம்பிக்கறனுங்க" என்று ஒரு கும்பிடு போட்டார். எங்கள் வீடு கிழக்கே. அவர் மேற்கே நடந்தார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, தடுமாறாமல் நடக்க ரொம்பவும் பாடுபட்டு நடந்தார். என் தலையிலிருந்த சாரின் கையை எடுத்து விட்டுவிட்டு நான் அப்பா பின்னால் போனேன். "விடு கண்ணு, போகட்டும்" என்று சார் கூப்பிட்டார். அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வருவது தெரிந்திருக்கும்.